வானை அளந்த வீராங்கனை ஏமி ஜான்சன்

சென்ற ஆண்டு காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு சிறிய அட்டைப் பெட்டியைக் கொண்டு வந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா அவளுடைய தம்பிக்கென்று வாங்கி வந்தது அது. சாவி கொடுத்தால் ஓடவும் இல்லை, சுற்றவும் இல்லை என்று தம்பி அதைத் தூக்கிப் போட்டுவிட்டானாம். திறந்து பார்த்தோம். பிளாஸ்டிக் சட்டத்தில் கொத்துக் கொத்தாகத் துண்டுகள், ஒரு பசைக் குழாய், செய்முறைத் தாள். அறிவியல் கண்காட்சிக்கு எதைச் செய்வது என்று திகைத்துக்கொண்டிருந்த நாங்கள் ஐவரும் அந்தப் பெட்டியை விடவில்லை.

பெட்டியின் மேல் கரும்பச்சை நிற விமானம் ஒன்றின் படம். மேலொன்றும் கீழொன்றுமாக இரட்டை இறக்கைகள். மூக்கருகே ஜேசன் என்ற பெயர். அது யாருடைய பெயர் என்று நூலகப் பொறுப்பிலிருந்த சிஸ்டரிடம் கேட்டோம். அது ஒரு மீன் வியாபாரத்தின் முத்திரைப் பெயர் என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டி எங்கள் கையில் கொடுத்தார். அதன் பிறகு மாலை வேளைகளில் இருவர் படித்துச் சொல்ல, மூவர் ஒட்டினோம். விமானமும் வாழ்க்கை வரலாறும் சேர்ந்தே வளர்ந்தன.

ஏமி ஜான்சன் 1903-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இங்கிலாந்தின் ஹல் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பரில்தான் அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் முதன்முதலாக வானில் எழும்பினார்கள். ஏமியின் தந்தை மீன் வணிகர். நான்கு பெண் குழந்தைகளில் ஏமியே மூத்தவர். பள்ளி நாட்களில் கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் உடைந்தது. அதனால் மற்றவர்கள் முன் பேசவே கூச்சப்பட்டு ஒதுங்கியிருந்தாராம். பிறகு ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்று, லண்டனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலையில் அமர்ந்தார். இதுவரை படித்தபோது எங்களுக்கு ஏமாற்றமாகவே இருந்தது. வீராங்கனை என்றால் சிறு வயதிலேயே மரம் ஏறிக் குதித்திருக்க வேண்டும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். இவரோ எங்கள் வீட்டு அக்காமார்களைப் போல் படித்து, டைப்ரைட்டிங் செய்து, மாதச் சம்பளம் வாங்கியவர்.

1928-ஆம் ஆண்டு லண்டனின் புறநகரில் இருந்த ஸ்டாக் லேன் விமானத் திடலுக்கு ஏமி சென்றார். அங்கிருந்த விமானச் சங்கத்தில் சேர்ந்து பறக்கக் கற்றார். முதல் பாடத்திலேயே பயிற்சியாளருக்கு இவர்மேல் நம்பிக்கை வரவில்லை. பலர் குறைந்த நேரப் பயிற்சியிலேயே தனியாகப் பறந்துவிட, ஏமிக்கு 15 மணி 45 நிமிடப் பயிற்சி தேவைப்பட்டது. கணக்கில் மெதுவாக இருக்கும் எங்களில் ஒருத்தி இந்த எண்ணைத் தன் நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டாள்.

1929 ஜூலையில் விமானியின் உரிமம் கிடைத்தது. அத்துடன் அவர் நிற்கவில்லை. விமானக் கொட்டகைக்குள் நுழைந்து இன்ஜினைப் பிரித்து மாட்டக் கற்றார். எண்ணெய் படிந்த உடையில் ஒரு பெண் ஆண்களோடு நின்று வேலை செய்வதை அன்று இங்கிலாந்திலேயே வேடிக்கை பார்த்தார்கள். தலைமைப் பொறிஞர் ஜாக் ஹம்ப்ரீஸ் அவரை விரட்டவில்லை, கற்றுக்கொடுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் தரைப் பொறிஞர் உரிமத்தையும் ஏமி பெற்றார். பிரிட்டனில் அந்த உரிமத்தைப் பெற்ற முதல் பெண் அவரே.

இந்தப் பகுதியைப் படித்த அன்று நாங்கள் ஒட்டிக்கொண்டிருந்ததும் இன்ஜினைத்தான். பெட்டியில் உள்ள விமானம் உண்மையானதில் 72-இல் ஒரு பங்கு. உண்மையில் 9 மீட்டருக்குச் சற்று அதிகமான இறக்கை, எங்கள் கையில் ஏறத்தாழ பன்னிரண்டரை சென்டிமீட்டர். இன்ஜினோ அவரைக்கொட்டை அளவு. அதற்குள் நான்கு சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க வேண்டும். தம்பியின் பெட்டி கொடுத்தது ஒரு மொட்டைக் கட்டியை மட்டுமே. ஊசியைச் சுட்டு அதில் வரிகள் கீறி, கறுப்பு பூசி, அது காய்ந்தபின் பென்சில் தூளைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தோம். உலோகம் போலவே மின்னிற்று! மூடியைப் போட்டுவிட்டால் அது யாருக்கும் தெரியாது. ஆனாலும் செய்தோம்.

ஜேசன் புது விமானம் அன்று. 1928-இல் செய்யப்பட்டு வேறொருவர் ஓட்டிய ஜிப்சி மாத். விலை 600 பவுன். பாதியைத் தந்தை கொடுத்தார், பாதியை எண்ணெய்க் கம்பெனி அதிபர் வேக்பீல்டு பிரபு கொடுத்தார். தந்தையின் மீன் முத்திரையே விமானத்தின் பெயராயிற்று. உடலுக்குக் கரும்பச்சை, எழுத்துக்கு வெள்ளி நிறம். முன் இருக்கை இருந்த இடத்தில் கூடுதல் பெட்ரோல் தொட்டி வைத்தார்கள். ஏமி பின் இருக்கையில். மேல் இறக்கையின் நடுவே தலையணை போல் புடைத்திருப்பதும் பெட்ரோல் தொட்டிதான். வானொலிக் கருவி இல்லை. தரையில் ஓடும்போது நிறுத்த பிரேக்கும் இல்லை. உடலும் இறக்கைச் சட்டமும் மரம். இறக்கையின் மேல் இழுத்துப் போர்த்தியது துணி. இதில் ஏறி ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் போவதென்று ஏமி முடிவு செய்தார். வழி ஏறத்தாழ 11,000 மைல். அதற்குமுன் அவர் பறந்திருந்த அதிக தூரம், லண்டனிலிருந்து தம் சொந்த ஊர் ஹல் வரைதான்.

இரட்டை இறக்கை விமானத்தை ஒட்டியவர்களுக்குத்தான் அதன் சோதனை தெரியும். கீழ் இறக்கை உடலோடு ஒட்டிக்கொள்ளும். மேல் இறக்கையோ நடுவில் நான்கு, இருபுறமும் இரண்டிரண்டு என்று எட்டுக் குச்சிகளின் மேல் நிற்க வேண்டும். ஒன்றைச் செருகினால் மற்றொன்று விழும். மூன்று நாள் போராடி, பிறகு தீப்பெட்டிகளை அடுக்கி மேல் இறக்கையைத் தாங்கவைத்து, வடிவியல் பெட்டியின் மூலைமட்டத்தால் நேர் பார்த்து, ஒவ்வொரு குச்சிக்கும் ஊசி முனையில் ஒரு துளி பசை தொட்டு வைத்தோம். பசை அதிகமானால் பிளாஸ்டிக்கே உருகிவிடும். எங்களில் ஒருத்தியின் கைரேகை ஜேசனின் வயிற்றில் பதிந்தது இப்படித்தான். உப்புத்தாளால் தேய்த்தும் அது முழுவதும் போகவில்லை.

இறக்கைகளுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளைப் பெட்டிக்காரர் தரவில்லை. தைக்கும் நூல் கட்டினோம். நூலில் பிசிறு நின்று, கயிற்றுக் கட்டில் போலாயிற்று. அப்போது ஒருத்தியின் அண்ணன் ஒரு வழி சொன்னார். துண்டுகளை எடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, தொடாமல், சூடு காட்ட வேண்டும். தளர்ந்ததும் வெளியே எடுத்து இரு கையாலும் இழுத்தால் தலைமயிர் போன்ற இழை வரும். அதை அளந்து வெட்டிச் சாமணத்தால் வைத்து ஒட்ட வேண்டும். தொய்வு இருந்தால் எரியும் ஊதுவத்தியின் முனையை அருகே கொண்டுபோனால் போதும், இழை சுருங்கி விறைத்துக்கொள்ளும். சற்று அதிகமாக நெருங்கினால் இழை அறுந்துபோகும். நாங்கள் அறுத்தவை ஒன்றிரண்டல்ல. விமானிகளின் பாதுகாவலியாக லொரேட்டோ அன்னையை 1920-இல் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அறிவித்தார் என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால், ஊதுவத்தி ஏற்றும்போதெல்லாம் ஒரு மங்கள வார்த்தை ஜெபமும் சொன்னோம்.

1930 மே 5-ஆம் நாள் காலை, லண்டன் அருகே கிராய்டன் திடலிலிருந்து ஏமி புறப்பட்டார். வழியனுப்ப வந்தவர்கள் தந்தையும் சில நண்பர்களும்தான். முதல் நாள் வியன்னா, இரண்டாம் நாள் கான்ஸ்டாண்டிநோபிள், மூன்றாம் நாள் அலெப்போ. ஒவ்வொரு மாலையும் இறங்கியபின் இன்ஜினைத் தாமே துடைத்து, சோதித்து, எண்ணெய் மாற்றி, பிறகே உறங்கப் போவார். பாக்தாத் போகும் வழியில் மணற்புயல் அவரைப் பாலைவனத்தில் இறக்கிவிட்டது. விமானம் காற்றில் புரண்டுவிடாமல் சக்கரங்களுக்குப் பெட்டிகளை அண்டைகொடுத்து, வால்பக்கம் அழுத்தி உட்கார்ந்து, கைத்துப்பாக்கியோடு புயல் ஓயக் காத்திருந்தார். தொலைவில் நாய்கள் குரைக்கும் சத்தம் கேட்டதாம். மே 10-ஆம் நாள் கராச்சியில் இறங்கினார். ஆறே நாள்! தனி ஒருவராக அந்த வழியில் வந்த ஹின்க்லரைக் காட்டிலும் இரண்டு நாள் குறைவு. உலகச் செய்தித்தாள்கள் அன்றுதான் விழித்துக்கொண்டன.

மறுநாள் அலகாபாத் போய்ச் சேர எரிபொருள் போதவில்லை. ஜான்சியில் இராணுவ அணிவகுப்புத் திடலில் இறங்கினார். பிரேக் இல்லாத விமானம் ஓடிப்போய் மோதி இறக்கை உடைந்தது. படைப்பிரிவின் தச்சர் அதைச் சரிசெய்து கொடுத்தார். அலகாபாத், கல்கத்தா வழியாகப் பர்மாவை நோக்கிப் பறந்தபோது பருவமழை பிடித்துக்கொண்டது. மே 13-ஆம் நாள், ரங்கூனுக்கு அருகே இன்செய்னில், அரசுத் தொழிற்பள்ளி ஒன்றின் விளையாட்டுத் திடலைக் கண்டு இறங்கினார். விமானம் பள்ளத்தில் பாய்ந்தது. முன்விசிறி உடைந்தது. இறக்கை கிழிந்தது. சக்கரத் தாங்கி நொறுங்கியது.

இந்த இடத்தைப் படித்த வாரத்தில்தான் எங்கள் ஜேசனுக்கும் விபத்து நேர்ந்தது. பெயிண்ட் காய ஜன்னலோரம் வைத்திருந்தோம். எங்களில் ஒருத்தி (15 மணி 45 நிமிடத்தை எழுதி வைத்தவள்தான்) திரும்பும்போது முழங்கை பட்டு, ஜேசன் தரையில் விழுந்தது. மேல் இறக்கையின் ஒரு நுனி ஒடிந்தது. இரண்டு குச்சிகள் காணாமல் போயின. இழைகளில் பாதி அறுந்தன. கண்காட்சிக்கு ஒன்பது நாள். யாரும் அவளைத் திட்டவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் திட்டினோம். அவள் மறுநாளும் அடுத்த நாளும் எங்களோடு வந்து உட்காரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

இன்செய்னில் நடந்தது இது. தொழிற்பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் விமானத்தைத் தங்கள் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். விமானத்தின் பக்கத்தில் ஏமி கட்டி வந்திருந்த உதிரி முன்விசிறி மூக்கில் ஏறிற்று. ஒடிந்த மரங்களுக்கு மரங்கள் இழைத்தார்கள். இறக்கைக்கான துணிக்கு எங்கே போவது? முதல் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய விமானத் துணியில் சட்டைகள் தைக்கப்பட்டிருந்தன. அந்தச் சட்டைகளைத் தையல் பிரித்து, இறக்கைக்கு ஒட்டுப் போட்டுத் தைத்தார்கள். துணியை விறைக்கச் செய்யும் பூச்சை உள்ளூர் மருந்துக்காரர் கலந்து கொடுத்தார். மூன்றாம் நாள், மே 16 அன்று, ஜேசன் மீண்டும் பறந்தது.

இதைப் படித்து முடித்தபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை. பிறகு இருவர் எழுந்து போய், ஜன்னலோரம் உட்கார்ந்து பூ வேலை செய்துகொண்டிருந்தவளை அழைத்து வந்தோம். வகுப்பிலேயே நுணுக்கமாகத் தைப்பவள் அவள்தான். அது எங்களுக்கு முன்பே தெரியும். ஒடிந்த நுனியை ஒட்டியது அவள். காணாமற்போன குச்சிகளைத் தென்னை ஈர்க்கில் செதுக்கியது அவள். இழைகளை மறுபடி கட்டியதும் அவள். நாங்கள் ஊதுவத்தி பிடித்தோம்.

ஒட்டிய இடம் கோடாகத் தெரிந்தது. அதை மறைப்பதா, விடுவதா? இங்கேதான் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் மூண்டது. பெட்டிப் படத்தில் இருப்பது புத்தம்புதிதாகக் கிராய்டனில் நிற்கும் ஜேசன். நாம் செய்வது எந்த நாளின் ஜேசன் என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. இன்செய்னுக்குப் பிந்தையது என்றால் இறக்கையில் சட்டைத் துணி ஒட்டுகள் வேண்டும். அத்துடன், நாங்கள் அரும்பாடுபட்டுச் செதுக்கிப் பக்கத்தில் ஒட்டிய உதிரி முன்விசிறி அங்கே இருக்கக் கூடாது. அதைச் செய்தவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மேலும் படித்தபோது ஜாவாத் தீவில் இன்னொன்று கிடைத்தது. கரும்பு ஆலை ஒன்றின் அருகே இறங்கியபோது, தரையில் நட்டிருந்த மூங்கில் முளைகள் இறக்கைத் துணியைக் குத்திக் கிழித்தன. ஏமி அந்தக் கிழிசல்களைக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் ஒட்டிக்கொண்டு பறந்தார். முடிவாகிவிட்டது. எங்கள் ஜேசன் அந்தக் கரும்புத் தோட்டத்திலிருந்து கிளம்பும் ஜேசன். உதிரி முன்விசிறியைப் பிடுங்கினோம். உண்மைப் பிளாஸ்திரி தடிமனாக இருந்ததால், வண்ணம் பூசிய டிரேசிங் தாளைக் கடுகளவு வெட்டிக் கீழ் இறக்கையில் ஒட்டினோம்.

ஜாவாவுக்குப் பின் டிமோர் தீவு. குறித்த இடத்தை எட்ட முடியாமல் சற்று முன்னே ஒரு சிற்றூரில் இறங்கியதால், ஒரு நாள் முழுவதும் அவரைக் காணவில்லை என்று உலகம் பதறியது. அடுத்தது 500 மைல் கடல். வழிநடுவே அவருக்காக நின்ற எண்ணெய்க் கப்பலைக் கண்டபோதுதான் தாம் சரியான திசையில் போகிறோம் என்று அவருக்கு உறுதியாயிற்று. 1930 மே 24-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இறங்கினார். பத்தொன்பதரை நாள். ஹின்க்லரின் பதினைந்தரை நாள் சாதனையை அவரால் முறியடிக்க முடியவில்லை. ஆனால் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்து வந்த முதல் பெண் அவரே.

பிறகு கூட்டமும் மாலையும் விருதும்தான். சிட்னி நகரப் பள்ளிப் பிள்ளைகள் அன்பளிப்பாகக் கொடுத்த பணத்தில் பொற்கிண்ணம் ஒன்று செய்வித்து, ஹல் நகரில் துணிவுச் செயல் புரியும் சிறுவர் சிறுமியருக்கு ஆண்டுதோறும் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1931-இல் டோக்கியோவுக்கும், 1932-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்கும் பறந்தார். விமானி ஜிம் மாலிசனை மணந்தார். அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. 1933-இல் இருவரும் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கா சென்றடைந்தும், இறங்கும்போது விபத்துக்குள்ளாகிப் பிழைத்தார்கள். இவற்றையெல்லாம் வேகமாகப் படித்துவிட்டோம். எங்கள் மனம் ஜேசனிலேயே நின்றுவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் புது விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து படைத்தளங்களுக்கு ஓட்டிச் சென்று சேர்க்கும் பணியில் 1940-இல் சேர்ந்தார். 1941 ஜனவரி 5-ஆம் நாள் கடுங்குளிர், மேகமூட்டம். வடக்கிலிருந்து ஆக்ஸ்போர்டு அருகே ஒரு தளத்துக்குப் போக வேண்டிய விமானம் வழி தவறித் தேம்ஸ் நதி கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு மேலே வந்துவிட்டது. ஏமி பாராசூட்டில் குதித்துப் பனிக்கட்டி போன்ற நீரில் விழுந்தார். ஹாசில்மியர் என்ற போர்க்கப்பல் விரைந்து வந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அக்கப்பலின் தலைவர் வால்டர் பிளெட்சர் கடலில் குதித்துத் தேடினார். அவரை மேலே தூக்கியும் குளிரால் பிழைக்கவில்லை. முன்பின் அறியாத ஒருவருக்காக உயிர் கொடுத்த அவருக்கு ஆல்பர்ட் பதக்கம் பின்னர் வழங்கப்பட்டது. ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. கல்லறை இல்லாதவர்களுக்காக ரன்னிமீடில் எழுப்பிய நினைவகத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அன்று மாலை நாங்கள் ஐவரும் சிற்றாலயத்துக்குச் சென்று இருவருக்காகவும் ஜெபித்தோம்.

உண்மை ஜேசன் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. எங்கள் ஜேசன் கண்காட்சியில் வைக்கப்பட்டது. முதற்பரிசு புகை கக்கும் எரிமலைக்குப் போயிற்று. அது நியாயந்தான், நாங்களே மூன்று முறை போய்ப் பார்த்தோம். பெற்றோர் ஒருவர் எங்கள் மேசையருகே நின்று, நன்றாகத்தான் செய்திருக்கிறீர்கள், இறக்கையில் ஏதோ தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று சொல்லி அதை எடுக்க விரலை நீட்டினார். எங்களில் ஒருத்தி சட்டென்று தன் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தாள். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லவே தயங்குபவள், ஜாவாவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி இன்செய்ன், ஜான்சி, பாலைவனம் என்று கிராய்டன் வரை மூச்சுவிடாமல் அவருக்குச் சொல்லி முடித்தாள். எங்களுக்குச் சொல்ல எதையும் மிச்சம் வைக்கவில்லை.